கிரவுனும் பினியனும் பிரிக்கக் கூடாத ஜோடி

"பினியனில்தானே பல் போயிருக்கிறது? கிரவுன் வீலையும் எதற்கு மாற்ற வேண்டும்?"

அரசு அலுவலகத்தில் ஜீப் பழுதுக் கோப்புகளை எழுதிய காலத்தில் இந்தக் கேள்வி பலமுறை என் மேசைக்கு வந்திருக்கிறது. பார்க்க நியாயமான கேள்விதான். ஆனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதுதான் அன்றும் இன்றும் என் கட்சி.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதற்குப் பெயரே 'கூப்ள் கோனிக்'. கூப்ள் என்றால் ஜோடி. கணவன் மனைவிக்கும் அதே சொல்தான். தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று ஓடவிட்டுப் பல்லை இழைத்து, ஜோடி தவறாமலிருக்க ஒரே எண்ணைப் பொறிப்பார்கள். பழைய கிரவுனோடு புதுப் பினியனைச் சேர்த்தால் ஊளைச் சத்தம் கேட்கும். பல் சீக்கிரம் தேயும்.

ஜோடியாக வாங்கினால் மட்டும் போதாது. பொருத்துவதில்தான் விஷயமே இருக்கிறது. ஷிம் என்னும் மெல்லிய தகடுகளை வைத்துப் பினியனின் ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும். பேரிங்கை அளவான இறுக்கத்தில் வைக்க வேண்டும். இரு பற்களுக்கும் நடுவே இருக்கும் ஆட்டத்தை டயல் கேஜில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது 0.15, 0.20 மில்லிமீட்டர் அளவுதான், அதாவது இரண்டு மூன்று தலைமுடியின் கனம். கடைசியாகப் பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி. அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. நுனியில் விழுந்தால் வெளியே நிற்கிறது. தகட்டை மாற்றி மறுபடி பார்க்க வேண்டும். இதற்கு அரை நாளும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம்.

இந்த உழைப்புக்குத்தான் நாம் கூலி கொடுக்க மறுக்கிறோம். குறைந்த விலைப்புள்ளிக்கே வேலை என்றால், அளந்து பார்ப்பவர் தோற்று, கைக்கணக்கில் முடுக்குபவர் ஜெயிப்பார். டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுக்காரர் பெக்கேர், கடிகாரத் தொழில் கற்றவர். இது கடிகாரக்காரரின் பொறுமை கேட்கும் வேலை.

நம் ஊர்ப் பக்கம் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு மலைப்பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் இறங்குகின்றன. வளைவில் பல் உடைந்து சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்போது மிச்சம் பிடித்த பணம் எதற்கு உதவும்?

ஆகவே நண்பர்களே, மெக்கானிக்கிடம் "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்பதற்கு முன், "சாயத் தடத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டுகிறவருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள்.