பனங்கள்ளா தென்னங்கள்ளா? நாக்கு சொல்ற தீர்ப்பு

டிஸ்கி: குடிக்கறது நல்லதுன்னு சொல்ற பதிவு இல்லைங்க இது. குடிக்காதவங்க தாராளமா அப்படியே இருங்க. குடிக்கறவங்க எதைக் குடிக்கறாங்க, எதைக் குடிக்க விடறாங்கங்கறதுதான் மேட்டர்.

நம்ம பக்கம் சரக்கைப் பத்திப் பேச்சு வந்தா ரெண்டே கேள்விதான். "எவ்ளோ ஏறும்? எவ்ளோ ஆகும்?" ருசி எப்படின்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. மூக்கைப் பிடிச்சிட்டு ஒரே மடக்குல உள்ள தள்ற பொருளுக்கு ருசி என்ன வேண்டிக் கெடக்கு?

ஆனா ருசி பார்த்து, ஒப்பிட்டு, இது ஒசத்தி அது மட்டம்னு சண்டை போட்டுக் குடிக்க வேண்டிய ஒரு பானம் நம்ம மண்ணுலயே இருக்கு. சேலம், நாமக்கல் மேட்டுக்காட்டு வரப்புல நிக்கற பனையிலயும், பரமத்தி வேலூர், மோகனூர்னு காவிரிக்கரைத் தென்னந்தோப்புலயும் இருக்கு. கள்ளு. என்ன, இங்க இறக்குனா போலீஸ் கேஸ். அதனால ருசி பார்க்க சேலத்துல ரயிலேறி பாலக்காடு போகணும். அங்க சித்தூர் தோப்புகள்ல இருந்துதான் கேரளாவோட பல மாவட்டத்துக்கும் கள்ளு போகுது.

ரெண்டையும் ஒப்பிடணும்னா மூணு விஷயம் கவனிக்கணும். முதல்ல நேரம். பானையில சுண்ணாம்பு தடவுனா பதநீர், தடவாட்டி கள்ளு. காத்துல இருக்கற ஈஸ்ட்டே வேலையை ஆரம்பிச்சிடும். காலையில இனிப்பு, மதியம் நுரையும் புளிப்பும், மறுநாள் காடி. அதனால ஒரே நேரத்துல இறக்குனதைத்தான் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். ரெண்டாவது, மீன்கறி அப்புறம். காரம் ஏறின நாக்குக்கு எல்லாக் கள்ளும் ஒண்ணுதான். மூணாவது, குடிக்கறதுக்கு முன்னாடி மோந்து பாருங்க. பாதி ருசி அங்கதான் இருக்கு.

என் நாக்கோட தீர்ப்பு: தென்னங்கள்ளு சாது. வாயில வெச்சதும் இனிப்பு, பின்னாடியே லேசான குறுகுறுப்பு, சட்டுனு முடிஞ்சிடும். பனங்கள்ளு வேற ரகம். வாசம் முன்னாடி வந்து நிக்கும், இனிப்புக்கு அடியில ஒரு துவர்ப்பு, முழுங்கின அப்புறமும் கொஞ்ச நேரம் தங்கும். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குத் தென்னை. என் ஓட்டு பனைக்கு. தென்னையில வருஷம் பூரா இறக்கலாம், பனைக்கு சீசன் உண்டுங்கறதும் அந்த மவுசுக்கு ஒரு காரணம் :-)

இதே மாதிரி விலை குறைஞ்ச, இளசா குடிக்க வேண்டிய பானத்தை மதிக்கத் தெரிஞ்ச ஊர் ஒண்ணைச் சொல்றேன். ஸ்பெயின். அங்க லா மாஞ்சான்னு ஒரு சமவெளி. மழை கம்மி, வெயில் கொளுத்தும். வறட்சி தாங்குதேன்னு ஐரேன்ங்கற வெள்ளைத் திராட்சையை மைல் கணக்குல நட்டு வெச்சாங்க. உலகத்துலயே அதிகப் பரப்புல இருந்த திராட்சைன்னு ஒரு காலத்துல பேர் வாங்குச்சு. ஆனா மரியாதை கெடையாது. பாதிக்கு மேல பிராந்தி காய்ச்சத்தான் போகும்னு பேச்சு. அப்புறம் குளிரூட்டின எஃகுத் தொட்டியில புளிக்க வெச்சுப் பார்த்தாங்க. அதே திராட்சையில சுத்தமான, லேசான, சல்லிசான வெள்ளை ஒயின் வந்துச்சு. வடக்க ருவேதாவுல வெர்தேஹோ திராட்சைக்கும் இதே கதைதான். 1972ல மார்க்கேஸ் தெ ரிஸ்கால் கம்பெனி அங்க போய் புது முறையில வெள்ளை ஒயின் போட்டுச்சு. 1980ல அந்த ஊர் பேருக்கே அரசாங்கம் சட்டப் பாதுகாப்பு கொடுத்துச்சு. எந்தத் திராட்சை, எந்த எல்லைன்னு விதி போட்டாங்க.

அவங்க 1980ல விதி போட்டாங்க. நாம 1987 ஜனவரி 1ல இருந்து கள்ளுக்குத் தடை போட்டோம்.

இந்தத் தடையோட வேர் நம்மூர்லதான் இருக்கு. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்ச ராஜாஜி, மதுவிலக்குக்காகவே 'விமோசனம்'னு பத்திரிகை நடத்தினவர். 1937 அக்டோபர் 1ல மதுவிலக்கைக் கொண்டு வந்தப்ப முதல்ல எடுத்துக்கிட்டது சேலம் மாவட்டத்தை. நாமக்கல் அப்ப சேலத்துக்குள்ளதான். வருமானம் போகுதேன்னு 1939ல விற்பனை வரி போட்டாங்க. கள்ளுக்காசுல குடும்பங்கள் அழிஞ்சதைக் கண்ணால பார்த்துத்தான் அதைச் செஞ்சாங்க. அந்த நேர்மையை நான் கிண்டல் பண்ண மாட்டேன்.

ஆனா இன்னைக்கு நடக்கறது மதுவிலக்கா? 2003ல இருந்து அரசாங்கமே சில்லறைக் கடை நடத்துது. கடையில விக்கற பிராந்தியில 42.8 சதவீதம் ஆல்கஹால். கள்ளுல சுமாரா 5. எட்டு மடங்கு காட்டமானதுக்கு லைசென்ஸ், லேசானதுக்கு லாக்கப். எந்த ஊர் நியாயம்ங்க இது? பனை நம்ம மாநில மரமாம். உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதே பாளை, அதே சாறு. சுண்ணாம்பு இருந்தா பெருமை, இல்லாட்டி குற்றம்!

"கள்ளுலயும் கலப்படம் பண்ணுவாங்களே"ன்னு கேப்பீங்க. சரியான கேள்வி. கேரளாவுலயே மயக்க மருந்து கலந்து மாட்டினவங்க உண்டு. மரத்துல இறங்கறதை விடக் கடையில அதிகம் வித்தா வேற எப்படி? அதனாலதான் சொல்றேன், கேரளா மாதிரி லாரியில ஏத்தி ஊர் ஊரா அனுப்பறது நமக்கு வேண்டாம். மரம் ஏறறவங்க கூட்டுறவு, தோப்புலயே விற்பனை, அன்னைக்கு இறக்குனது அன்னைக்கே காலி, மரத்துக்குக் கணக்கு. இவ்ளோ போதும். எத்தனை மரம்னு தெரிஞ்சா எத்தனை லிட்டர்னு ஒரு எக்செல் ஷீட்ல புடிச்சிடலாம்.

மலிவான, லேசான பானத்தை ஒழிச்சா ஏழை குடிக்க மாட்டான்னு நெனைக்கறது பகல் கனவு. 2024 ஜூன்ல பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடிச்சு 60க்கும் மேல செத்தாங்க. பல பேரைச் சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு வந்தாங்க. கள்ளு இருந்திருந்தா அத்தனை பேரும் பொழைச்சிருப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ணலை. ஆனா கூலிக்காசுக்குக் கட்டுப்படியாகற, விஷமில்லாத ஒண்ணு அவங்க கைக்கெட்டற தூரத்துல சட்டப்படி இல்லைங்கறது மட்டும் நிஜம்.

இன்னொண்ணும் போகுது. பாளை சீவத் தெரிஞ்ச கைகள் கொறைஞ்சுட்டே வருது. மரம் ஏற ஆளில்லாம போனதுக்கப்புறம் தடையை எடுத்து என்ன புண்ணியம்? பனங்கள்ளா தென்னங்கள்ளான்னு சண்டை போடறதுக்குக்கூட அப்ப ஆள் இருக்காது.