கோழிக்கு மேல் போர்த்திய மாவு

மாலை வேளைகளில் நம் நகரங்களின் கடைத்தெருக்களில் இளைஞர் கூட்டம் மொய்த்து நிற்கும் இடங்களுள், ரொட்டித் தூள் பூசிப் பொரித்த கோழியை விற்கும் கடைகள் முன்னணிக்கு வந்துவிட்டதைக் கண்டு விசனப்படும் பெற்றோர் பலர், கோழி இறைச்சியையே தேகத்துக்கு ஒவ்வாத பதார்த்தம் என்று பழிக்கத் தலைப்பட்டிருப்பது, என் அபிப்பிராயத்தில், நிரபராதியைத் தண்டிக்கும் செயலே ஆகும்.

தோல் நீக்கிச் சுட்ட நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 165 கலோரியும், 31 கிராம் புரதமும், 4 கிராமுக்கும் குறைவான கொழுப்புமே உண்டு. அதே கறியைத் தோலோடு மாவில் தோய்த்துப் பொரித்தாலோ, கலோரி 260 அளவுக்கு உயர்ந்து, கொழுப்பு 13 கிராமாகப் பெருகி, புரதம் 25 கிராமாகக் குறைந்துவிடுகிறது. காய்ந்த எண்ணெயில் துண்டை இட்டதும் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேற, அது விட்டுச் சென்ற நுண்துளைகளுக்குள், துண்டை வெளியே எடுத்து ஆறவிடும் சமயத்தில்தான், மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயில் பெரும்பங்கு இழுக்கப்படுகிறது. ஆகவே, விலையுயர்ந்த எண்ணெயை வாங்கிவிட்டால் தோஷம் நீங்கிவிடும் என்று நம்புவது வீண். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். பூச்சை மெல்லியதாக்குவதும், எடுத்த உடனே கம்பித் தட்டில் வைத்து எண்ணெயை வடித்துவிடுவதுமே பலன் தரும்.

இன்னும் சிரத்தையுள்ளவர்கள், தோல் நீக்கிய துண்டுகளைத் தயிர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள் சேர்த்து ஊறவைத்து, ஒரு கரண்டி எண்ணெயில் முன்னரே பொன்னிறமாக வறுத்த ரொட்டித் தூளில் புரட்டி, 200 பாகை உஷ்ணமுள்ள ஓவனில், உட்புறம் 74 பாகையை எட்டும்வரை சுட்டெடுக்கலாம். கடைப் பண்டத்தின் மொறுமொறுப்பு முழுவதும் கிட்டாது என்பது உண்மை. ஆயினும் குழந்தைகள் விரும்பி உண்பார்கள். உப்பில் மாத்திரம் தனிக் கவனம் வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் உப்பு, ஊறலிலும் மாவிலும் தூவும் பொடியிலுமாக மும்முறை சேரும்போது, எண்ணெயைக் குறைத்ததனால் அது குறைந்துவிடாது.

வீட்டுச் சமையல் நம் வசத்தில் இருக்கிறது. கடைச் சட்டியோ நம் கண்ணுக்கு மறைவானது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் சிதைவதால் அதில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை உபயோகிக்கலாகாது என்ற விதி 2018 ஜூலை முதல் இந்தியா முழுவதும் அமலில் இருந்தும், உண்பவர் அதை அறிய வழியில்லை. அந்த அளவைத் தினந்தோறும் சோதித்துக் கடை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டுமென்று சர்க்கார் கட்டளையிட வேண்டும்.