கடன் கொடுத்துவிட்டு அதற்கு நிவாரணம் என்று பெயர்

"கொரோனா சமயத்துல அரசாங்கம் 20 லட்சம் கோடி கொடுத்துச்சு சார், நம்ம ஆளுங்களுக்குத்தான் வாங்கத் தெரியல." போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், வாய்க்கு இன்னும் பழகவில்லை) ஒரு பெரிய மனிதர் என்னிடமே இப்படிச் சொன்னார். வங்கியில் உட்கார்ந்து அந்தச் சுற்றறிக்கைகளை வரி வரியாகப் படித்துக் கடன் கொடுத்தவனிடம்! வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 20 லட்சம் கோடி. 2020 மே மாதம் அறிவித்த கணக்கில் சுமார் 8 லட்சம் கோடி, ரிசர்வ் வங்கி எங்களைப் போன்ற வங்கிகளுக்குத் திறந்துவிட்ட பணம். இன்னொரு 3 லட்சம் கோடி, சிறுதொழில்களுக்கான அவசரக் கடன் உத்தரவாதம். நிலக்கரிச் சுரங்கத்தைத் தனியாருக்குத் திறந்ததும் அதே அறிவிப்புத் தொடரில்தான் வந்தது. ஹேவ்லாக்கில் படகு ஓட்டுகிறவருக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சீர்திருத்தமாம்.

அந்த அவசரக் கடனின் சூட்சுமம் பலருக்குத் தெரியாது. 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை புதுக்கடன். திரும்பி வராவிட்டால் அரசு பொறுப்பு. யாருக்குப் பொறுப்பு? வங்கிக்கு. வாங்கினவர் தலையில் பாரம் அப்படியேதான் இருக்கும். அதைவிடக் கொடுமை, வங்கிப் பக்கமே வராமல் சீட்டுப் பணத்திலும் வீட்டுக்காரம்மா நகையிலும் தொழில் நடத்தியவர்கள். அவர்களுக்குப் பூஜ்யத்தில் 20 சதவீதம்! நம்மவர்களில் பலர் அந்த ரகம்.

சில ஓட்டல்களை அந்தக் கடன் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டல், சுற்றுலாத் துறைக்கென்று வரம்பை 40 சதவீதமாக உயர்த்தியது 2021 மார்ச் கடைசியில். இங்கே சுற்றுலா நின்றதோ 2020 மார்ச்சில். ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், வட்டி மட்டும் லீவு எடுக்காமல் ஓடியது.

அடுத்து, தெரு வியாபாரிகளுக்கு 'ஸ்வநிதி', அப்போது 10,000 ரூபாய். இதுவும் கடன்தான். அதுவும் அப்போது நகராட்சி எல்லைக்குள் விற்பவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. இந்தத் தீவுகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு நகராட்சிதான், போர்ட் பிளேர். ஹேவ்லாக்கும் நீலும் பஞ்சாயத்து. ஆக, அங்கே கடற்கரையில் இளநீர் விற்ற ராமநாதபுரத்துக்காரருக்கு அது கிடைக்கவில்லை. அட்டை இருந்தால் அவருக்கு அப்போது நூறு நாள் வேலை இருந்தது. போர்ட் பிளேரில் ஆட்டோ ஓட்டியவருக்கும் ஜெட்டியில் மூட்டை தூக்கியவருக்கும் அந்த வேலை கிடைக்கவில்லை, அது கிராமத்துக்கு. சரி, ஊருக்கே போய்விடலாம் என்றால், ஊர் திரும்பிய தொழிலாளர்களுக்கென்று 2020 ஜூனில் அறிவித்த 50,000 கோடி வேலைத் திட்டம் ஆறு மாநிலங்களுக்கு மட்டும். அதில் தமிழ்நாடு இல்லை.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: சரக்கு விற்றால்தான் முதல் சுழலும். வாங்க ஆளே இல்லாத தெருவில் முதல் கொடுத்தால் அது சுழலாது, வட்டி மட்டும் சுழலும். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் 1933 நவம்பரில் ஒரு வேலைத் திட்டம் தொடங்கி, சில மாதங்களுக்குள் சுமார் 40 லட்சம் பேருக்குக் கூலி கொடுத்தார். ரோடு போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். (கறுப்பின மக்களுக்கு அவருடைய திட்டங்களில் பாரபட்சம் நடந்தது, அதுவும் வரலாறு.) கூலி வந்தால் டீக்கடை ஓடும். டீக்கடை ஓடினால் எங்களுக்குக் கடனும் தானாகத் திரும்பும். இது தர்மம் இல்லைங்க, கணக்கு.

நிஜமான நிவாரணம் என்று நான் பார்த்தது ரேஷனில் தலைக்கு 5 கிலோ இலவச தானியம், ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் 2021-ல் அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய் இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். நமக்கு அங்கே அட்டை இல்லை. இங்கே சட்டசபையே இல்லை, இருப்பது ஒரே ஒரு எம்.பி.

பொங்கல் விழா மேடையில் பெரியவர்களுக்குச் சால்வை போர்த்தும் நம் சங்கங்கள், அதே மேடையில் ஒரு மனுவையும் நீட்டலாம். நகராட்சி எல்லைக்குள் கூலி வேலைத் திட்டம் வேண்டும் என்று. தமிழ்நாட்டிலேயே 2022-ல் நகரங்களுக்கு அப்படி ஒன்றைச் சோதனை முறையில் தொடங்கினார்கள், மாதிரிக்கு அதையே காட்டலாம். மனுவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதித் தர நான் தயார்.