குழாய் தாங்குமா மாப்ளே?

பழைய கான்டெஸா ஒண்ணு சல்லிசா கைக்கு வந்தா என்ன பண்ணுவீங்க? "புது டர்போ எஞ்சினைத் தூக்கி உள்ள வெச்சா பறக்கும் பாஸ்!" அப்படித்தானே? ஆசையில தப்பே இல்ல. ஆனா தாயில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பசங்களுக்கு இந்த மேட்டர் மத்தவங்களைவிடச் சீக்கிரம் புரியும். மருந்தை மட்டும் ஏத்திட்டு, பேப்பர் குழாயை அப்படியே விட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கார்லயும் அதே கதைதான்.

பட்டாசு எரியத் தேவையான ஆக்ஸிஜன் அதுல இருக்கிற வெடியுப்புலயே இருக்கு. எஞ்சினுக்கு அது வெளிக்காத்துல இருந்துதான் வரணும். வீணாப் போற புகையை வெச்சு ஒரு சக்கரத்தை நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கும் மேல சுத்தவிட்டு, சிலிண்டருக்குள்ள காத்தை அமுக்கி அனுப்புறதுதான் டர்போ. காத்து கூடினா பெட்ரோலும் கூட ஊத்தலாம். சின்ன எஞ்சின், பெரிய பவர்!

எஞ்சின் மாத்துறது நம்ம நாட்டுக்குப் புதுசும் இல்ல. 1984-ல கான்டெஸா வந்தப்போ, அந்தப் பெரிய பாடிக்குள்ள இருந்தது அம்பாசடரோட 1.5 லிட்டர் எஞ்சின். சுமார் 50 குதிரை சக்தி. பார்க்க சிங்கம், ஓட்டினா ஆமை! அப்புறம் கம்பெனியே ஜப்பானோட இசுஸூ 1.8 லிட்டர் எஞ்சினை வெச்சுது. சக்தி 88-க்கு ஏறுச்சு. கூடவே அஞ்சு கியர் பாக்ஸும் வந்துச்சு. எஞ்சினை மட்டும் மாத்திட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கல, கவனிச்சீங்களா?

இதோட உல்டாவும் நடந்திருக்கு, அதுவும் நம்ம சென்னையில! பிரிட்டன்ல 3.5 லிட்டர் வி8 எஞ்சினோட சீறின ரோவர் எஸ்டி1 காரோட பாடியை எடுத்து, 1985-ல 'ஸ்டாண்டர்ட் 2000'னு விட்டாங்க. எஞ்சின் மட்டும் 1940-கள்ல பொறந்த வான்கார்டு வம்சம். 1988-லயே கதை முடிஞ்சுது. பாடியும் எஞ்சினும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாத கல்யாணம்!

சரி, நம்ம கனவுக்கு வருவோம். இன்னைக்கு வர்ற சின்ன டர்போ எஞ்சின்கள்ல பெரும்பாலானது முன்சக்கரத்தை இழுக்கிற கார்களுக்காகக் குறுக்குவாட்டுல உட்காருறது. கான்டெஸாவுக்கு எஞ்சின் நீளவாக்குல இருக்கணும், பவர் பின்சக்கரத்துக்குப் போகணும். 2020-ல வந்த தாரோட 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் நீளவாக்குதான், 150 குதிரை சக்தி. ஆனா அது தனியா வராது. அதோட கம்ப்யூட்டர், சென்சார், வயரிங், ஃபியூயல் பம்ப், இன்டர்கூலர்னு மொத்தக் குடும்பமும் கூடவே குடிவரும்.

அதுக்கப்புறம்தான் நிஜப் பரீட்சை. 50 குதிரைக்குப் பண்ணின கிளட்ச், கியர் பாக்ஸ், பின்பக்க ஆக்ஸில் எல்லாம் மூணு மடங்கு சக்தியைத் தாங்குமா? பிரேக்? 60-ல இருந்து 120-க்குப் போனா வேகம்தான் ரெண்டு மடங்கு. நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு! பக்கத்து சீட்ல உட்கார்ந்திருக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அவன் உங்களை நம்பி ஏறினவன்.

சட்டமும் சும்மா இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புக்ல இருக்கிற விவரம் தயாரிப்பாளர் சொன்னதுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ரெண்டும். விபத்துன்னு ஒண்ணு நடந்தா, இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல கேக்கப்போறதும் இந்த எஞ்சினைப் பத்தித்தான்.

அப்போ ஆசையை மூட்டை கட்டிடலாமா? நோ சான்ஸ்! கோயம்புத்தூர் கரிவரதன் 1980-களோட கடைசியில என்ன பண்ணினார் தெரியுமா? சாதாரண மாருதி 800 எஞ்சினை எடுத்தார். அதுக்கேத்த மாதிரி ஒரு ரேஸ் காரையே புதுசா உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் ரேஸ் பழகினது அந்த மாதிரிக் கார்லதான். இன்னைக்குக் கோவையில இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் நிக்குது.

உங்க காலேஜ்ல பாஜா, சுப்ரா, ஃபார்முலா பாரத் மாதிரி போட்டிக்கு டீம் இருக்கான்னு விசாரிங்க. இல்லேன்னா நாலு பேர் சேர்ந்து ஆரம்பிங்க. அங்க எஞ்சினையும் தொடலாம், பிரேக்கையும் தொடலாம், ஏன்னு கேள்வி கேக்க வாத்தியாரும் இருப்பார். கூட்டணும்னா பவரைக் கூட்டுங்க, வேண்டாங்கல. அதுக்கு முன்னாடி குழாயைக் கெட்டியா சுத்துங்க!