ஏலத்தோட்டத்துப் பெண்ணும் ஏட்டுக் கல்வியும்

மருத்துவர் கூறுவார், நோயாளி கேட்பார், நோய் தீரும். இவ்வளவு எளிதாக இருந்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை, தோழர்களே!

வைகை பிறக்கும் வருசநாட்டு மலையடிவாரத்துக் குடிசை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கருவுற்ற மருமகள் சோகையால் வெளுத்திருக்கிறாள். அரசு தந்த இரும்புச்சத்து மாத்திரையோ பிரிக்கப்படாமல் மாடக்குழியில் கிடக்கிறது. தின்றால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகுமாம். மாமியாரின் அச்சம் அது. தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் சோகையுற்றோர் என 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறிற்று. மாத்திரைக்கா பஞ்சம்? மாமியாரிடம் பேசத் தெரிந்தவருக்கன்றோ பஞ்சம்!

ஆய்வுக்கூட நுட்பர், இயன்முறை மருத்துவர், உணவியலர் முதலிய துணை மருத்துவத் துறையினரின் கல்வியை நெறிப்படுத்த 2021-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் கண்டது. வரவேற்கிறோம். அதே ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', இயன்முறை மருத்துவரை வீட்டு வாயிலுக்கே அனுப்பிற்று. வாயில்வரை சென்றவர் உள்ளே என்ன பேசுவார்?

மலையிறங்கிப் பள்ளத்தாக்குக்கு வந்தால், கம்பத்திலும் போடியிலும் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறும் பெண்களைக் காணலாம். இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களில் நாளெல்லாம் குனிந்து காய் எடுத்து, பொழுது சாய வீடு திரும்புவோர் அவர்கள். இடுப்புவலியென்று வருபவளிடம், "இரண்டு வாரம் ஓய்வெடு" என்கிறார் ஏட்டுக் கல்வி மட்டுமே கற்றவர். ஓய்வெடுத்தால் உலை கொதிக்குமா? குனிந்த வேலைக்கிடையே முதுகைக் காப்பது எப்படி, எப்போதெல்லாம் நிமிர்வது, அதற்குக் கங்காணியின் இசைவை எப்படிப் பெறுவது, இதுவன்றோ அவளுக்குரிய மருத்துவம்!

"மூடநம்பிக்கையைப் பாடமாக்குவதா?" என்று பகுத்தறிவு நண்பர் சிலர் சீறுவர். அறிவது வேறு, அடிபணிவது வேறு! அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை தொங்கும். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ச்சையும் இருக்கும். அங்கே நின்று நகைத்தால் கதவு சாத்தப்படும். "வேப்பிலை இருக்கட்டும், மூச்சுத் திணறினால் உடனே க.விலக்கு அரசு மருத்துவமனைக்குத் தூக்கிவாருங்கள்" என்பவரோ உயிரைக் காப்பார்.

சாதியையும் அறிந்தாக வேண்டும். எந்தத் தெருவில் ஊழியர் தண்ணீர் வாங்கிப் பருகுகிறார், எந்தத் தெருவில் தாகமில்லை என்கிறார் என்பதை ஊர் கவனித்துக்கொண்டேயிருக்கிறது!

எனவே கேட்கிறோம்: அச்சட்டத்தின் கீழுள்ள மாநில மன்றம், ஊரில் தங்கிப் பயில்வதைத் தேர்வுக்குரிய பாடமாக்கட்டும். அனுபவம் முதிர்ந்த மருத்துவச்சியும், தேனும் கிழங்கும் தேடி மலையறிந்த பளியர் முதியவரும், அந்த ஏலத்தோட்டத்துப் பெண்ணும் வகுப்பெடுக்கட்டும். அன்றைய கூலியை மட்டும் மறவாமல் அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.