வடைக்கு அடியில் என்ன இருக்கிறது?

திண்டிவனம் வழியாகப் போகாத பஸ் உண்டா? சென்னையில் இருந்து திருச்சிக்குப் போகிறவர்களும், புதுச்சேரிக்குப் போகிறவர்களும், திருவண்ணாமலைக்குப் போகிறவர்களும் பலர் அந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறார்கள். விழுப்புரமோ பெரிய ரயில் ஜங்ஷன்.

இந்த இரண்டு ஊர்களிலும் வந்து இறங்குகிறவர்களுக்குப் பசி எடுக்கும். சூடாக வடை, பஜ்ஜி, போண்டா வாங்குவார்கள். வடை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எண்ணெய் நல்ல எண்ணெயா என்று கூடக் கேட்பார்கள்.

வடைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை!

பெரும்பாலும் அது பழைய பத்திரிகைத் தாள்தான்.

மை வயிற்றுக்குள் போகலாமா?

பத்திரிகை அச்சடிக்கும் மை, சாப்பிடுவதற்காகச் செய்தது அல்ல. அதில் சாயம் இருக்கிறது. சாயத்தைத் தாளில் ஒட்டவைக்கும் ரசாயனப் பொருட்கள் இருக்கின்றன. ஈயம் போன்ற உலோகங்களும் இருக்கக் கூடும்.

வடையில் எண்ணெய் இருக்கிறது. சூடும் இருக்கிறது. எண்ணெயும் சூடும் சேர்ந்தால் மை எளிதில் கரைந்து பலகாரத்தில் ஏறும். பஜ்ஜியைத் தாளில் வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழிகிறோமே, அப்போது எண்ணெய் தாளுக்குப் போகிறது. மை பஜ்ஜிக்கு வருகிறது!

அது மட்டுமா? அந்தத் தாள் எத்தனை கை மாறி வந்திருக்கும்! எத்தனை மூலையில் கிடந்திருக்கும்! அந்த அழுக்கும் கிருமியும் கூடவே வருகின்றன.

இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 டிசம்பரிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும், நோயாளிகளுக்கும் ஆபத்து அதிகம் என்று சொன்னது. 2018-ல் வந்த விதிகள், பத்திரிகைத் தாளில் உணவை மடிக்கக் கூடாது என்று தடையே போட்டுவிட்டன. 2023 செப்டம்பரில் மறுபடியும் எச்சரிக்கை வந்தது.

மூன்று முறை சொல்லியும் வடை தாளில்தான் வருகிறது.

இட்லித் தட்டில் பிளாஸ்டிக்!

முன்பெல்லாம் இட்லித் தட்டில் வெள்ளைத் துணி விரித்து மாவு ஊற்றுவார்கள். இப்போது சில இடங்களில் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் விரிக்கிறார்கள். துணி என்றால் துவைக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் தூக்கி எறியலாம். அதுதான் காரணம்.

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், 2025-ம் ஆண்டு தொடக்கத்தில் அதிகாரிகள் ஓட்டல்களில் சோதனை போட்டார்கள். பல ஓட்டல்களில் இட்லித் தட்டில் பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தது தெரிந்தது. உடனே அந்த வழக்கத்துக்கு அங்கே தடை போட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீராவியின் உஷ்ணம் சுமார் 100 டிகிரி. சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் பை சுமார் 110 டிகிரியில் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். அது இளகும்போது அதில் உள்ள ரசாயனம் இட்லியில் இறங்கும்.

வடை வேகும் எண்ணெயின் உஷ்ணம் 170, 180 டிகிரி. அதை எடுத்த உடனே பிளாஸ்டிக் பையில் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தடை இருக்கிறது. உணவு மடிக்கும் பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் உண்டு.

மேல்நாட்டிலும் இதே கேள்விதான்

மேல்நாட்டார் பன்றி இறைச்சியை உப்பிட்டு, மெல்லிய துண்டுகளாக நறுக்கி வைப்பார்கள். அதற்கு 'பேக்கன்' என்று பெயர். அதைத் தட்டில் அடுக்கி, மூடிய அடுப்பில் சுமார் 200 டிகிரி சூட்டில் வறுப்பார்கள். கொழுப்பு உருகித் தட்டில் ஒட்டும். ஒட்டாமல் இருக்க அடியில் எதை விரிப்பது? அங்கேயும் அதே கேள்வி!

நம் ஊரிலும் கேக் சுட இப்போது மின்சார அடுப்பு வாங்குகிறார்கள். அவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அலுமினியத் தாள் 660 டிகிரி வரை உருகாது. ஆகவே அடுப்புச் சூட்டைத் தாங்கும். ஆனால் புளி, தக்காளி, எலுமிச்சை, ஊறுகாய் இவை அதில் படக் கூடாது. புளிப்பும் உப்பும் அலுமினியத்தைக் கரைக்கும்.

'பட்டர் பேப்பர்' என்று கடையில் கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று அடுப்பில் வைப்பதற்கென்றே செய்தது. மற்றது மெழுகு பூசியது. மெழுகுத் தாளை அடுப்பில் வைத்தால் மெழுகு உருகும், புகையும் வரும். எத்தனை டிகிரி தாங்கும் என்று பெட்டியின் மேல் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எழுதப் படிக்கக் கற்றதன் பலன் இதுதானே!

வியாபாரியைத் திட்டலாமா?

"எல்லாம் கடைக்காரர்களின் குற்றம்" என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

தள்ளுவண்டியில் வடை சுட்டு விற்கும் அம்மாவின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். முகூர்த்த நாளில் வாழை இலை விலை ஏறிவிடும். புயல் அடித்தால் இலை எல்லாம் கிழிந்து நார் நாராகிவிடும். 2024 நவம்பர் கடைசியில் வந்த பெஞ்சல் புயலில் விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. மழைக் காலத்தில் துவைத்த துணி காயாது. பழைய பத்திரிகையோ எப்போதும் கிடைக்கும், மலிவாகவும் கிடைக்கும்.

அந்த அம்மாவுக்கு அபராதம் போட்டால் அன்றைய பிழைப்பு போய்விடும். மறுநாள் மறுபடியும் தாளைத்தான் எடுப்பார். வேறு என்ன செய்வார்? ஆகவே முதலில் வழியைக் காட்ட வேண்டும். அதன் பிறகும் கேட்காவிட்டால் அபராதம் போடட்டும்.

வழி என்ன?

வழி நம் ஊரிலேயே இருக்கிறது. வாழை இலை கிடைக்காவிட்டால் மந்தாரை இலை இருக்கிறது. தையல் இலை இருக்கிறது. காய்ந்த இலை ஆனதால் பல நாள் கெடாமல் இருக்கும். விழுப்புரம் மாவட்டத்தில் பனை மரத்துக்குப் பஞ்சமா? பனை ஓலைப் பட்டையில் பதநீர் குடித்தவர்கள் நாம். அதே ஓலையில் வடை வைத்தால் ஆகாதா?

மகளிர் சுயஉதவிக் குழுவினர் இலை தைத்து, பஸ் நிலையத்தின் அருகிலேயே வியாபாரிகளுக்குக் கொடுக்கலாம். விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகள் அதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தால் போதும். கடைக்காரருக்கு இலை கிடைக்கும். பெண்களுக்கு வேலை கிடைக்கும்.

எண்ணெய் வடியத் தாளே தேவையில்லை. அரிகரண்டியில் எடுத்து, துளை போட்ட தட்டில் சிறிது நேரம் வைத்தால் தானாகவே வடியும்.

வீட்டில் இட்லிக்குச் சாயம் போடாத பருத்தித் துணி நல்லது. புதுத் துணி என்றால் கஞ்சி போகத் துவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் அலசி, வெயிலில் காய வையுங்கள். துணி காயாத நாளில் தட்டில் எண்ணெய் தடவி மாவு ஊற்றினாலே போதும்.

நம் பங்கு என்ன?

பலகாரம் வாங்கப் போகும்போது வீட்டில் இருந்து ஒரு எவர்சில்வர் பாத்திரம் எடுத்துப் போங்கள். "தாள் வேண்டாம் அம்மா, இதில் போடுங்கள்" என்று சொல்லுங்கள். பத்துப் பேர் சொன்னால் கடைக்காரர் யோசிப்பார். நூறு பேர் சொன்னால் மாறிவிடுவார்.

இலையில் கொடுக்கிற கடைக்காரர் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். மருந்துக் கடையில் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்!

இது ஒரு பத்திரிகையில் வரும் கட்டுரை. நாளைக்கு இந்தத் தாளும் பழைய தாள் ஆகிவிடும். இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தாள் படிப்பதற்கு. வடை வைப்பதற்கு இலை!