காயலாங்கடை அண்ணனுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலையே!

போன செமஸ்டர் மினி புராஜெக்ட் முடிஞ்சதும் வண்டியைப் பிரிச்சு, ஆட்டோவில் ஏத்தி, கீழ்க்கட்டளையில் ஒரு காயலாங்கடைக்குக் கொண்டு போனோம். கடைக்கார அண்ணன் முதல்ல தராசைத் தொடவே இல்லை. கயித்துல கட்டின காந்தத்தை எடுத்தார். ஒட்டினது ஒரு பக்கம், ஒட்டாதது ஒரு பக்கம். அலுமினியத் தகட்டில் இரும்பு போல்ட் அப்படியே இருந்தது. "இதைக் கழட்டினா அலுமினிய ரேட்டு. இல்லேன்னா மிக்ஸ் ரேட்டுதான் தம்பி" என்றார்.

மறுநாள் நம்ம லேத் வொர்க்‌ஷாப்பில் பார்த்தேன். இரும்புச் சுருள், பித்தளைத் தூள், அலுமினியப் பிசிறு எல்லாத்தையும் ஒரே டிரம்மில் கூட்டித் தள்ளுகிறோம். மெட்டலர்ஜி பேப்பரில் கிரேடு வாங்குகிற நாமதான்!

"ஒரு டிரம் தானே, உலையில போட்டா எல்லாம் உருகிடும்" என்று நண்பன் சொன்னான். உருகும். ஆனா பிரியாது. சென்னைப் பக்கத்துப் பழைய இரும்பு கும்மிடிப்பூண்டி மாதிரி இடங்களில் இண்டக்ஷன் உலையில் சுமார் 1600 டிகிரியில் உருகி, பில்லட்டாகி, பிறகு கட்டுமானக் கம்பியாகிறது. அந்தச் சூட்டில் அலுமினியம் ஆக்சைடாகிக் கசடோடு போய்விடும். பித்தளையிலுள்ள துத்தநாகம் புகையாகும். செம்பு மட்டும் இரும்புக்குள்ளேயே தங்கிவிடும். ஆக்சிஜன் ஊதினாலும் முதலில் எரிவது இரும்புதான், செம்பு இல்லை. அளவு கூடினால் சூடாக உருட்டும்போது மேற்பரப்பில் விரிசல் விழும். ஆக, பிரிக்க வேண்டிய இடம் உலை இல்லை, நம்ம டிரம்.

பிரிச்சால் என்ன லாபம்? மத்திய அரசின் 2019 இரும்புக் கழிவு மறுசுழற்சிக் கொள்கை சொல்வது: ஒரு டன் பழைய இரும்பைப் பயன்படுத்தினால் 1.1 டன் இரும்புத் தாதுவும் 630 கிலோ நிலக்கரியும் மிச்சம். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து எடுக்கத் தேவையான ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும்.

காசு மட்டும் விஷயம் இல்லை. கூலண்ட் சொட்டச் சொட்டப் போடும் பிசிறு உருகிய இரும்பில் விழுந்தால், ஈரம் நொடியில் ஆவியாகி இரும்புக் குழம்பைத் தெறிக்க வைக்கும். எதிரே நிற்பது ஒரு தொழிலாளி. 2010-ல் டெல்லி மாயாபுரியில் என்ன நடந்தது? டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருஷம் சும்மா கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவியைப் பழைய சாமானாக ஏலம் விட்டார்கள். உள்ளே கோபால்ட்-60. பிரித்த இடத்தில் பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். படிச்சவங்க கவனிக்காமல் தள்ளிவிட்டதுக்கு, காயலாங்கடையில் வேலை செஞ்சவர் உயிரைக் கொடுத்தார்.

நான் கேட்பது பெரிசா ஒண்ணும் இல்லை. வொர்க்‌ஷாப்பில் இரும்பு, அலுமினியம், பித்தளை என்று பெயர் எழுதின மூணு டிரம். கூலண்ட் வடிய அடியில் ஒரு வலை. லேப்பில் இருந்து எந்தக் கருவி வெளியே போனாலும், உள்ளே என்ன இருக்குன்னு ஒரு ஸ்டாஃப் கையெழுத்து. செலவு, ஒரு டப்பா பெயிண்ட்.

அடுத்த வாரம் லேத் பிராக்டிகல் முடிஞ்சு துடைப்பத்தை எடுக்கும்போது, மெட்டீரியல் மாறினால் முதலில் மெஷினைக் கூட்டிவிட்டு அடுத்ததை மாட்டுங்க. டிரம் வரும்வரை அதுவே போதும்.